சம்பவ இடத்திலிருந்து ஆய்வகம் வரை: கடலூர் மாவட்டத்தில் புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு தடய அறிவியல் வழிகாட்டி

கடலூர் மாவட்டத்தில் ஒரு சந்தேக மரணமோ கொள்ளையோ நடந்தால், அந்த இடத்துக்கு முதலில் போய்ச் சேருபவர் தடய அறிவியல் அலுவலர் அல்லர். ரோந்தில் இருந்த காவலரோ, தலையாரி தகவல் சொல்லி வந்த கிராம நிர்வாக அலுவலரோ, அன்றுதான் நிலையத்தில் பணியில் சேர்ந்த உதவி ஆய்வாளரோதான் முதலில் போய் நிற்கிறார். அவருக்காகவே இதை எழுதுகிறேன். நான் பல ஆண்டுகளாக எதிரித் தரப்பில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்காக, வழக்கு நடத்திவரும் வழக்கறிஞன். ஆய்வக அறிக்கையைக் குறுக்கு விசாரணையில் உடைப்பது என் தொழிலின் ஒரு பகுதி. உடைந்த இடங்களை எண்ணிப் பார்த்தால், ஆய்வகத்துக்குள் நடந்த பிழைகள் மிகச் சில. பெரும்பாலானவை பொருள் ஆய்வகத்தின் படியேறுவதற்கு முன்பே நடந்து முடிந்தவை. ஓட்டைகளை நீங்களே காட்டிக்கொடுத்தால் பிழைப்பு என்னாவது என்று நண்பர் ஒருவர் கேட்டார். சரியாக எடுக்கப்பட்ட தடயம் குற்றமற்றவரையும் விடுவிக்கும் என்பதால், எனக்கு அதில் நட்டம் இல்லை.

முதலில், யார் எவர் என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் பலர் தடய அறிவியல் துறையையும் விரல்ரேகைப் பிரிவையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் தடய அறிவியல் துறை உள்துறையின் கீழ் இயங்கும் தனித் துறை; அதன் அறிவியலர்கள் காவல் அதிகாரிகள் அல்லர். தலைமை ஆய்வகம் சென்னை மயிலாப்பூரிலும், நமக்கு அருகிலுள்ள வட்டார ஆய்வகம் விழுப்புரத்திலும் உள்ளன. மாவட்ட அளவில் நடமாடும் தடய அறிவியல் பிரிவு சம்பவ இடத்துக்கே வரும். விரல்ரேகைப் பிரிவும் மோப்ப நாய்ப் பிரிவும் காவல் துறைக்குள்ளேயே இருப்பவை. ஆகவே கைரேகைக்கு ஓர் அழைப்பும், இரத்தம், நஞ்சு, தீ போன்றவற்றுக்கு வேறோர் அழைப்பும் போக வேண்டும். ஒருவரை அழைத்துவிட்டு மற்றவரும் வந்துவிடுவார் என்று காத்திருந்து பொழுதைப் போக்கியவர்கள் உண்டு.

இந்தத் துறைக்கு வேர் பழையது. 1849-ஆம் ஆண்டில் சென்னையில் அமைந்த இரசாயனப் பரிசோதகர் அலுவலகம் இந்தியாவிலேயே முதலாவது. மனித உள்ளுறுப்புகளில் நஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே அது தோன்றியது. 1991 மே மாதம் திருப்பெரும்புதூர் குண்டுவெடிப்புக்குப் பின், சிதறிக் கிடந்த துணித் துண்டுகளையும் மின்கம்பிகளையும் கொண்டு, குண்டு ஒரு பெண்ணின் இடுப்புப் பட்டையில் இருந்தது என்று நிறுவியவர் இத்துறையின் அன்றைய இயக்குநர் பி. சந்திரசேகரன். அந்தத் துண்டுகளை யாரும் கூட்டிப் பெருக்கித் தள்ளாமல் இருந்ததால்தான் அது முடிந்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தென்பெண்ணையைத் தாண்டினால் பாகூர், அதாவது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். காவல் துறை வேறு, நீதிமன்றம் வேறு. எல்லை யாருடையது என்ற வாக்குவாதத்தில் தடயம் காய்ந்துபோகும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றம் எங்கு நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. முதலில் இடத்தைக் காப்பாற்றுங்கள். எல்லையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

முதல் ஒரு மணி நேரம்

உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதே முதற்கடமை. காயம்பட்டவரைத் தூக்குவதற்காகத் தடயம் அழிந்தால் அழியட்டும். ஆனால் அவர் எந்த நிலையில் கிடந்தார், எதை நகர்த்தினீர்கள் என்பதை உடனே குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்.

அடுத்து, கயிறு கட்டுங்கள். உடல் கிடக்கும் இடத்தை மட்டும் சுற்றிக் கட்டுவது வழக்கமான பிழை. எதிரி வந்த வழி, போன வழி, கை கழுவியிருக்கக்கூடிய அடிபம்பு, வண்டியை நிறுத்தியிருக்கக்கூடிய வேலியோரம் எல்லாம் உள்ளே வரும்படி பெரிதாகக் கட்டிவிட்டுப் பின்னர் சுருக்கிக்கொள்ளலாம். சிறிதாகக் கட்டியதை விரிப்பதற்குள் ஊரே நடந்திருக்கும். உள்ளே போய்வர ஒரே ஒரு தடத்தை வகுத்து, யார், எப்போது, எதற்காக உள்ளே போனார் என்று ஒருவர் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். உயரதிகாரி வந்தாலும் அவர் பெயரும் அந்தப் பட்டியலில் ஏற வேண்டும். இதைச் சொல்ல ஓர் இளம் காவலருக்குத் துணிவு வராது என்பது எனக்குத் தெரியும். பட்டியல் இருந்தால் உயரதிகாரியே தயங்கி வெளியில் நிற்பார் என்பதும் நான் கண்டதுதான்.

ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில், தடய அறிவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கு வந்து தடயம் சேகரிப்பதையும் அதைக் காணொளியாகப் பதிவு செய்வதையும் அதே சட்டத்தின் 176(3) பிரிவு கட்டாயமாக்குகிறது. மாநிலங்கள் இதை ஐந்தாண்டுகளுக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்பது 105-ஆம் பிரிவு. கைபேசியில் பதிவு செய்யும்போது பெட்டியைத் திறப்பதற்கு முன்பே பதிவைத் தொடங்கி, அரக்கு முத்திரை வைத்த பின்பே நிறுத்துங்கள். நடுவில் நின்று தொடங்கும் பதிவில், நின்ற நேரத்தில் என்ன நடந்தது என்பதுதான் என் முதல் கேள்வியாக இருக்கும்.

வல்லுநர் வரும்வரை எதையும் தொடாமல் இருப்பதே பொதுவிதி. ஆனால் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது விதியைப் பார்த்துக்கொண்டிருந்தால் காலடித் தடம் கரைந்துவிடும். அப்படிப்பட்ட வேளையில், அருகில் அளவுகோல் வைத்து நேர் மேலிருந்து படம் எடுத்து, தடத்தைத் தொடாதபடி ஒரு பேசினைக் கவிழ்த்து மூடி வையுங்கள். பேசின் எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதுங்கள்.

மகஜரில் எழுதும் மண்ணின் பொருள்

சம்பவ இடத்தைப் பார்த்துச் சாட்சிகள் முன் எழுதும் நம் பார்வை மகஜர்களில் 'இரத்தக்கறை படிந்த மண், இரத்தக்கறை படியாத மண்' என்ற வரி மந்திரம்போல் வரும். கிராம நிர்வாக அலுவலரும் தலையாரியும் சாட்சிக் கையொப்பம் இடுவார்கள். ஏன் கறை படியாத மண்ணையும் எடுக்கிறோம் என்று சாட்சிக் கூண்டில் கேட்டால் பலருக்குப் பதில் வருவதில்லை. அது ஒப்பீட்டு மாதிரி. கறையுள்ள மண்ணில் ஓர் உப்போ இரசாயனமோ இருந்தால், அது கறையோடு வந்ததா, அந்த மண்ணிலேயே இருந்ததா என்று பிரித்துச் சொல்ல அது இல்லாமல் முடியாது. சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய நிலத்து மண்ணும், பண்ருட்டி முந்திரித் தோப்பின் செம்மண்ணும், தேவனாம்பட்டினத்துக் கடற்கரை மணலும் ஒன்றல்ல. ஆகவே ஒப்பீட்டு மாதிரியைக் கறைக்கு அருகிலேயே, அதே மண்ணில், ஆனால் கறை எட்டாத இடத்தில் எடுக்க வேண்டும். காவல் நிலைய வாசலில் அள்ளக் கூடாது. அள்ளியதும் நடந்திருக்கிறது.

இதே தத்துவம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். எரிந்த பாயை அனுப்பினால் எரியாத பகுதியும் வேண்டும். கறையைத் துடைத்த பஞ்சை அனுப்பினால் அதே பொட்டலத்துப் பயன்படுத்தாத பஞ்சும் வேண்டும்.

பொதிதல்: இரத்தம் மூச்சு விடட்டும், பெட்ரோல் விடக் கூடாது

வழக்குகள் அதிகமாகத் தோற்கும் இடம் இதுதான் என்பதால் சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

இரத்தம், விந்து, உமிழ்நீர் படிந்த எதையும் ஈரத்தோடு பாலித்தீன் பையில் இடக் கூடாது. கடலோர ஊரின் புழுக்கத்தில், அதுவும் அக்கினி நட்சத்திரக் காலத்தில், மூடிய பிளாஸ்டிக் பைக்குள் நுண்ணுயிர்கள் பெருகி டி.என்.ஏ.-வைச் சிதைத்துவிடும். ஒரு கொலை வழக்கில் கத்தியும் சட்டையும் ஒரே பையில் ஈரமாகக் கட்டப்பட்டு, பல நாள் கழித்து அனுப்பப்பட்டன. இரத்தம் சிதைந்துவிட்டதால் வகை அறிய இயலவில்லை என்று அறிக்கை வந்தது. சிதையாமல் இருந்திருந்தாலும், சட்டைக்குக் கத்தியிலிருந்து இரத்தம் பைக்குள்ளேயே ஒட்டியிருக்கலாம் என்று நான் வாதிட்டிருப்பேன். துணியை நேர் வெயிலிலும் விசிறிக்கு அடியிலும் வைக்காமல், ஆள் நடமாட்டமில்லாத அறையில் நிழலில் உலர்த்தி, கறை படிந்த இரு பகுதிகள் ஒன்றோடொன்று உரசாதபடி நடுவில் புதுத் தாள் வைத்து மடித்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காக்கி உறையில் இட வேண்டும். பழைய செய்தித்தாள் வேண்டாம். அதைப் பல கைகள் தொட்டிருக்கும். உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டுவது நம்மில் ஊறிப்போன பழக்கம். உங்கள் உமிழ்நீரின் டி.என்.ஏ.-வை நீங்களே வழக்கில் சேர்க்கிறீர்கள் என்பதை நினைத்தால் அது தானாக நிற்கும்.

தீ வழக்கில் எல்லாம் தலைகீழ். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றியதாகச் சந்தேகித்தால், துணியையும் மண்ணையும் உடனே காற்றுப் புகாத, சுத்தமான கண்ணாடிக் குப்பியிலோ உலோக டப்பாவிலோ இட்டு இறுக மூட வேண்டும். காகித உறையில் இட்டால் விழுப்புரம் போய்ச் சேருவதற்குள் ஆவியாகிவிடும். சாதாரண பாலித்தீன் பையும் அந்த ஆவியைத் தடுக்காது. குப்பியை விளிம்புவரை நிரப்பாமல் மேலே சிறிது வெற்றிடம் விடுங்கள். ஆய்வகத்தில் அந்த வெற்றிடத்து ஆவியைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.

ஒவ்வொரு உறையிலும் குற்ற எண், சட்டப் பிரிவு, நிலையத்தின் பெயர், பொருளின் விவரம், எடுத்த இடம், தேதி, நேரம், எடுத்தவர் கையொப்பம், சாட்சிகள் கையொப்பம் இருக்க வேண்டும். அரக்கு முத்திரை எதுவோ அதன் மாதிரியைத் தனித் தாளில் வைத்து உடன் அனுப்ப வேண்டும்.

மருந்து குடித்தவர், விஷச் சாராயம் குடித்தவர்

நெல்லும் கரும்பும் முந்திரியும் விளையும் மாவட்டத்தில் பூச்சிமருந்து எந்த வீட்டுத் திண்ணையிலும் கிடைக்கும். மருந்து குடித்தவரைக் கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள். நிலை மோசமானால் புதுச்சேரி ஜிப்மருக்கு மாற்றுவார்கள். இரண்டு மூன்று நாள் சிகிச்சைக்குப் பின் அங்கே உயிர் பிரியும். அதற்குள் உடலிலிருந்த நஞ்சில் பெரும்பகுதி மருத்துவத்தாலேயே வெளியேறியிருக்கும். பிறகு எடுக்கும் உள்ளுறுப்பில் நஞ்சு இல்லை என்று அறிக்கை வந்தால், மருந்தே குடிக்கவில்லை என்று பொருளாகாது. முதல் மருத்துவமனையில் வயிறு கழுவிய நீரும், சிகிச்சைக்கு முன் எடுத்த இரத்தமும் எவ்வளவு மதிப்புள்ளவை என்பது இப்போது விளங்கும். தகவல் வந்தவுடனே அவற்றைப் பாதுகாத்துத் தரும்படி மருத்துவ அலுவலரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். மறுநாள் கேட்டால் அது சாக்கடையில் போயிருக்கும். வீட்டில் கிடக்கும் புட்டி, தம்ளர், வாந்தி படிந்த துணி ஆகியவற்றைத் தனித்தனியே எடுங்கள்.

உடற்கூறாய்வில் உள்ளுறுப்புகளை எடுத்து வைப்பது மருத்துவரின் பணி. இரைப்பையும் குடல் பகுதியும் ஒரு குப்பியிலும், கல்லீரலும் சிறுநீரகமும் வேறொரு குப்பியிலும், உப்பு இனிக் கரையாது என்னும் அளவுக்குச் செறிவாக்கிய உப்புநீரில் வைக்கப்படும். அந்த உப்புநீரின் மாதிரியும் தனியே வரும். சாராயச் சாவு என்றால் சாராவி (ஆல்கஹால்) கலந்த பாதுகாப்புத் திரவம் எதுவும் கூடாது என்பதை மருத்துவரிடம் நினைவூட்டுவதில் தவறில்லை.

2023 மே மாதம் மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் நடந்தவை நமக்கு அடுத்த வீட்டுத் துயரங்கள். கருணாபுரம் நிகழ்வில் மட்டும் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டிலும் உயிரைப் பறித்தது மெத்தனால். தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் இந்தச் சாராவி, பார்வைக்கும் வாசனைக்கும் குடிக்கும் சாராவியைப் போலவே இருக்கும். உடலுக்குள் ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். கண் மங்குகிறது, வயிறு வலிக்கிறது என்று ஒரே தெருவிலிருந்து இரண்டு பேர் வந்தாலே எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். இந்த நிலையில் ஆய்வகத்துக்குப் போகும் பாக்கெட் வழக்குக்கு மட்டும் உரியதன்று. அதன் முடிவு வந்தால்தான் அதே சரக்கு வேறு எந்த ஊருக்குப் போயிருக்கிறது என்று தேடி, இன்னும் குடிக்காதவர்களைக் காப்பாற்ற முடியும். ஆகவே எஞ்சிய பாக்கெட்டுகளைத் திறக்காமல், ஒழுகாதபடி, நெருப்புக்கு எட்டாமல் வைத்து, தனி ஆள் மூலம் அன்றே அனுப்புங்கள். அவசரம் என்று கடிதத்தில் எழுதுவதோடு நில்லாமல் தொலைபேசியிலும் சொல்லுங்கள்.

நீரில் கிடந்த உடல்

கெடிலமும் தென்பெண்ணையும் கடலில் கலக்கும் ஊர் இது. கரையொதுங்கிய உடல் கடலில் மூழ்கியதா, ஆற்றில் மூழ்கி அடித்து வரப்பட்டதா, இறந்த பின் வீசப்பட்டதா என்பது அடிக்கடி எழும் கேள்வி. இதற்கு டயட்டம் என்னும் நுண்பாசிகள் உதவும். சிலிக்கா ஓடு கொண்ட இந்தப் பாசிகள், உயிரோடு மூழ்குபவர் நீரை உள்ளிழுக்கும்போது நுரையீரலிலிருந்து இரத்தத்தில் கலந்து எலும்பு மச்சை வரை போகும். உயிரற்ற உடலில் இரத்த ஓட்டம் இல்லாததால் அவ்வளவு தொலைவு போகாது. எலும்பை எடுப்பவர் மருத்துவர். நீங்கள் செய்ய வேண்டியது, உடல் கிடந்த இடத்திலும், விழுந்திருக்கலாம் என்று சந்தேகிக்கும் இடத்திலும் சுத்தமான தனித்தனிக் கலங்களில் ஒரு லிட்டர் அளவுக்கு நீர் எடுப்பது. கழிமுகத்து உப்புநீரின் பாசி வேறு, கல்குவாரிக் குட்டையின் பாசி வேறு. ஒப்பிட நீர் இல்லாவிட்டால் இந்தச் சோதனை பாதியில் நிற்கும். இது துணைச் சான்று மட்டுமே என்பதையும், பாசி காணப்படாததால் மூழ்கவில்லை என்று முடிவுகட்ட இயலாது என்பதையும் அறிந்து வையுங்கள்.

விரல்ரேகை எதைச் சொல்லும்

1898-இல் வங்காளத்தின் ஜல்பைகுரியில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில், அவருடைய பெட்டியிலிருந்த பஞ்சாங்கத்தில் பதிந்த பெருவிரல் ரேகை, முன்பு தண்டனை பெற்ற ஒரு பணியாளருடையது என்று கல்கத்தா விரல்ரேகைக் கூடம் கண்டது. நீதிமன்றம் திருட்டுக்குத் தண்டனை அளித்து, கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. பஞ்சாங்கத்தை அவன் தொட்டான் என்று ரேகை சொன்னது. கொன்றான் என்று சொல்லவில்லை. இன்று தேசியத் தானியங்கி விரல்ரேகை அடையாள முறைமையில் நாடெங்கும் உள்ள ரேகைகளோடு ஒப்பிட முடிகிறது என்றாலும் அந்த எல்லை மாறவில்லை. ஒருவர் வழக்கமாக வந்துபோகும் வீட்டில் அவர் ரேகை கிடைப்பது செய்தியே அல்ல. பீரோவின் உள்ளறையில் கிடைப்பது செய்தி. எனவே ரேகை எடுத்த பொருளை மட்டுமன்றி, அந்தப் பொருளில் எந்தப் பக்கம், எந்தத் திசையில் இருந்தது என்பதையும் எழுத வேண்டும். வீட்டாருடைய ரேகைகளை அடையாளம் கண்டு ஒதுக்குவதற்காக, அவற்றையும் எடுத்து அனுப்புங்கள்.

கண்காணிப்பு கேமராவும் கைபேசியும்

லாரன்ஸ் சாலைக் கடைகளின் கேமராப் பதிவுகள் சில நாள்களிலேயே தம்மைத் தாமே அழித்துக்கொண்டு புதிய பதிவை ஏற்றும். அன்றே போங்கள். பதிவுப் பெட்டியின் திரையில் தெரியும் நேரத்தையும் உங்கள் கைபேசி காட்டும் நேரத்தையும் ஒரே படத்தில் எடுத்துவிடுங்கள். பல பெட்டிகளின் கடிகாரம் தவறாகவே ஓடும். நகல் எடுத்தால், சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவை. அதில் கருவியைக் கையாள்பவர் பகுதி ஒன்று, வல்லுநர் பகுதி ஒன்று, பதிவின் ஹாஷ் மதிப்பு (பதிவில் சிறிது மாற்றினாலும் மாறிவிடும் அடையாளக் குறியீடு) ஆகியவை உண்டு. கைபேசியைக் கைப்பற்றியதும் ஏரோபிளேன் நிலைக்கு மாற்றிவிடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று புரட்டிப் பார்க்காதீர்கள். நீங்கள் புரட்டிய நேரம் கருவியிலேயே பதிந்து என் கைக்கு வரும்.

அனுப்பும் கடிதமும் கேட்கும் கேள்வியும்

கைப்பற்றிய பொருள்கள் படிவம் 95 மூலம் நீதித்துறை நடுவரிடம் போய், அவருடைய கடிதத்தோடு ஆய்வகத்துக்குச் செல்வதே இங்குள்ள வழக்கம். இதில்தான் நாள்கள் கரைகின்றன. பொருளைக் கைப்பற்றியது ஒரு தேதி, நீதிமன்றம் பெற்றது வேறொரு தேதி என்றால், இடைப்பட்ட நாள்களில் அது யாருடைய அலமாரியில், எந்த நிலையில் இருந்தது என்று ஒருவர் சாட்சியம் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு வழக்கொன்றில் 2025 ஜூலையில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், டி.என்.ஏ. மாதிரிகள் 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தைச் சேர வேண்டும், தாமதமானால் காரணம் எழுத வேண்டும், கைமாறிய ஒவ்வொரு கட்டத்தையும் தொடர் காவல் பதிவேட்டில் பதிய வேண்டும் என்று நாடு முழுமைக்கும் கட்டளையிட்டது. அந்த வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றிருந்தவர் விடுவிக்கப்பட்டார் என்பதை நினைத்தால், பதிவேட்டின் எடை தெரியும்.

கடிதத்தில் பலரும் 'ஆய்வு செய்து அறிக்கை அனுப்பவும்' என்று மட்டும் எழுதுகிறார்கள். அறிவியலர் கேட்ட கேள்விக்கே பதில் எழுதுவார். வழக்கின் கதை அவருக்குத் தெரியாது, தெரியாமல் இருப்பதே நல்லதும்கூட. அரிவாளில் உள்ளது மனித இரத்தமா, இறந்தவருடைய டி.என்.ஏ.-வோடு பொருந்துகிறதா, கைப்பிடியில் வேறொருவருடைய டி.என்.ஏ. உள்ளதா என்று தனித்தனியே கேளுங்கள். மூன்றாவது கேள்வியைக் கேட்காததால், பிடித்தவர் யார் என்பது கடைசிவரை தெரியாமலே போன வழக்குகள் உண்டு. எந்தப் பொருளுக்கு எந்தக் கேள்வி என்பதை எண்ணிட்டு எழுதுங்கள். கேள்வியை எப்படி அமைப்பது என்று தெரியவில்லையென்றால் நடமாடும் பிரிவின் அறிவியல் அலுவலரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அரசு அறிவியல் வல்லுநரின் அறிக்கையை அவரைக் கூண்டில் ஏற்றாமலே சான்றாகக் கொள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவு இடம் தருகிறது. தேவையென்றால் நீதிமன்றம் அவரை அழைக்கவும் செய்யும். அறிக்கை வந்த அன்றே உட்கார்ந்து முழுதும் படியுங்கள். முத்திரைகள் சிதையாமல் இருந்தன, மாதிரி முத்திரையோடு பொருந்தின என்ற வரி இருக்கிறதா, நீங்கள் அனுப்பிய பொருள்களின் எண்ணிக்கையும் அவர்கள் பெற்ற எண்ணிக்கையும் ஒன்றா, கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் உண்டா என்று பாருங்கள். விடுபட்டது ஏதேனும் இருந்தால், பொருள்கள் நீதிமன்றத்துக்குத் திரும்பி வருவதற்கு முன்பே நடுவர் வழியாகக் கூடுதல் வினாக் கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.